விசா ஜன்னலில் நான் சொன்ன ஜஸ்ட்

ஆனையூர், மதுரை.
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் முத்துமீனாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நம்ம குட்டியானை வண்டியும் ஓடுகிற அளவுக்கு நலமாக இருக்கிறோம், மூன்றில் எது முதலில் மக்கர் பண்ணும் என்பதுதான் தெரியவில்லை. அமெரிக்காவில் நீயும் மாப்பிள்ளை தமிழ்மாறனும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று குலசாமியை நினைத்துக்கொண்டு பேனாவைத் தொடுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போன வாரம் எங்கள் விசா கிடைக்காமல் போனதிலிருந்து நீ போனை எடுத்து, நல்லாருக்கேன்ப்பா, மீட்டிங்ல இருக்கேன்ப்பா, என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுகிறாய். உங்கள் ஊர் ராத்திரி பதினொரு மணிக்கு யாரம்மா மீட்டிங் போடுகிறார்கள்? கோபம் என்று எனக்குத் தெரியாதா. அதுவும் போக, இந்த வீட்டில் வாயால் சொல்ல முடியாமல் ஒரு விஷயம் கிடந்தது, அதைக் கையால்தான் சொல்ல முடியும் போலிருக்கிறது. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்சப்பில் அனுப்புகிறேன், நடுவில் என் கட்டைவிரல் தெரிந்தால் அதையும் சேர்த்துப் படித்துக்கொள்.

இந்த வருசம் கார்த்திகை மழை உசிலம்பட்டிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மொச்சை வரத்து குறைவு. இருந்தாலும் விடியும் முன்னே எழுந்து அங்கே போய், இருக்கிறதை ஏற்றிக்கொண்டு வந்து மாட்டுத்தாவணியில் இறக்கிவிட்டு வீடு வருவதற்குள் இடுப்பு தனியாகவும் நான் தனியாகவும் வருகிறோம். உன் மாமா கண்ணுச்சாமி சந்தையில் என்னைப் பார்த்துவிட்டு, வண்டிக்கு எப்.சி. எடுக்குற மாதிரி ஒங்களுக்கும் ஒருதரம் எடுத்துருவமா மச்சான், என்று எல்லார் முன்னாலும் கேட்கிறான். சிரித்துக்கொண்டேன். அலுப்பாக இருக்கிறது தாயி. உடம்பு அலுப்பு தூங்கினால் போய்விடும், இது போகவில்லை.

நீ சேர்த்துவிட்ட இங்கிலீசு வகுப்பைப் பற்றி உனக்கு முழுசாகச் சொன்னதே இல்லை. ஜெராக்ஸ் கடை மாடியில் ஹாஜரா டீச்சர் நடத்துகிறார், வயசு உன்னைவிடக் குறைவாகத்தான் இருக்கும். காலேஜ் பிள்ளைகளுக்கு நடுவில் கிழடுகள் நானும் நாகூர் கனியும்தான். அவர் பாத்திரக்கடைக்காரர், மலேசியாக்காரப் பெண்ணை மருமகளாக எடுத்திருக்கிறார். எதற்குப் பாய் இந்த வயசில் இங்கிலீசு என்று கேட்டேன். மருமக இங்கிலீசுல வையிறா மாப்ள, என்ன வையிறான்னு தெரிஞ்சாத்தான கோவப்பட முடியும், சும்மா உக்காந்து சிரிச்சிக்கிட்டு இருக்கேன், என்றார். நான் பத்தாம் வகுப்பில் இங்கிலீசில் ஜஸ்ட் பாஸ் என்பது ஊருக்கே தெரியும். அந்த ராசியோ என்னவோ, வகுப்பில் எத்தனையோ வார்த்தை சொல்லிக்கொடுத்தும் எனக்கு ஒட்டிக்கொண்டது அந்த ஜஸ்ட் ஒன்றுதான்.

அது சின்ன வார்த்தைதான் அங்கிள், ஆனா பக்கத்துல யாரு நிக்கிறாங்களோ அவங்களுக்குத் தக்கன மாறிக்கிரும், என்றார் டீச்சர். உன் மாமா மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன் என்றால் இப்பத்தான் சாப்பிட்டேன், கை ஈரம்கூடக் காயவில்லை என்று அர்த்தமாம். ஜஸ்ட் டூ இட்லிஸ் என்றால் ரெண்டே ரெண்டு இட்லி, அம்புட்டுத்தான். ஐ ஜஸ்ட் காட் த பஸ் என்றால் பஸ்ஸை எப்படியோ தொத்திப் பிடித்துவிட்டேன், இன்னொரு மூச்சு நின்றிருந்தால் போயிருக்கும். ஷி இஸ் ஜஸ்ட் லைக் ஹெர் மதர் என்றால் அச்சு அசல் அவள் அம்மாவேதான், இதை உன்னை நினைத்து வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், என்னைய என்னமோ வையிறாரு என்று உன் அம்மா அன்றைக்குக் குழம்பில் புளியைக் கூட்டிவிட்டாள். அப்புறம் ஒருவரிடம் வேலை சொல்லும்போது ஜஸ்ட் போட்டுச் சொன்னால் பெரிய வேலையும் சின்னதாகத் தெரியுமாம். இது நமக்குப் புதுசா, சந்தையில், அண்ணே, கொஞ்சம் இந்த மூட்டையப் பிடிங்க, என்பார்கள், பிடித்தால் அறுபது கிலோ இருக்கும், அந்தக் கொஞ்சம்தான் இங்கிலீசில் ஜஸ்ட் என்று விளங்கிக்கொண்டேன். கடைசியில் டீச்சர் இன்னொன்று சொன்னார். இம்புட்டு நேரம் எல்லாத்தையும் சின்னதாக்குச்சுல்ல, முடியாதுங்கிற சொல்லுக்கு முன்னாடி போயி நின்னா மட்டும் பெருசாக்கிரும், ஐ ஜஸ்ட் காண்ட் அப்படின்னா முடியவே முடியலன்னு அர்த்தம், என்றார். அன்றைக்கு அது எனக்கு அவ்வளவாக ஏறவில்லை.

வார்த்தை கிடைத்துவிட்டதா, பிறகு நான் விடுவேனா. ஜஸ்ட் ஐ ஆம் கமிங், ஜஸ்ட் ஐ ஆம் சிட்டிங் என்று போகிற இடமெல்லாம் போட்டேன். அங்கிள், அத வாக்கியத்துக்கு வாசல்ல நிப்பாட்டாதீங்க, எந்த வேலையச் சொல்றீங்களோ அதுக்குப் பக்கத்துல கொண்டுபோய் உக்கார வைங்க, என்று டீச்சர் தலையால் அடித்துக்கொண்டார். உப்பு போடுற மாதிரி போடச் சொன்னா நீ உப்பு மூட்டையவே கவுக்குற மாப்ள, என்றார் நாகூர் கனி. இதெல்லாம் எதற்கு இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நீ என் மேல் என்ன நினைத்துக்கொண்டு இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அப்பா இங்கிலீசில் உளறித்தான் விசா போனது என்று நான்தான் உன்னிடம் சொன்னேன். அது நிஜம் இல்லை. என் இங்கிலீசு அன்றைக்கு ஜஸ்ட் பாஸ் வாங்கும் அளவுக்கு இருந்தது. தோற்றது வேறே.

நீ எழுதி அனுப்பிய பதில் எனக்கு மனப்பாடம். எங்கள் மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது, கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறோம், என்பதை அப்படியே இங்கிலீசில் எழுதியிருந்தாய். அதை வீட்டில் சொல்லிப் பார்க்க முடியாது, ஏன் என்று பிறகு சொல்கிறேன், அதனால் வண்டியில் போகும்போதும் வரும்போதும் சொல்லிச் சொல்லி, பின்னால் கிடந்த மொச்சை மூட்டைக்கே அது பாடமாகியிருக்கும். சென்னையில் விசா ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றோம். உள்ளே ஒரு வெள்ளைக்காரப் பெண், முகத்தில் நல்ல சிரிப்பு, வணக்கம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, எதற்காக அமெரிக்கா போகிறீர்கள் என்று இங்கிலீசில் கேட்டது. எனக்குப் புரிந்தது தாயி, ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. எங்கள் மகள் என்பதை, அவர் டாட்டர், என்று ஆரம்பித்தேன். உன் அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். பிடி என்றால் சாதாரணப் பிடி இல்லை, நகம் இறங்கியது. திரும்பிப் பார்த்தேன், பின்னால் வரிசையில் நிற்கிற சனத்தைக் கண்ணால் காட்டினாள், முகம் வெளுத்துப்போய் நின்றாள். எனக்கு வந்த பாடமெல்லாம் போய் வாயில் அந்த ஒரு வார்த்தைதான் நின்றது. ஜஸ்ட், என்றேன். ஜஸ்ட் விசிட், மேடம்.

விசேஷமான காரணம் ஏதாவது உண்டா என்று கேட்டது அந்தப் பெண். நோ மேடம், ஜஸ்ட். எவ்வளவு காலம் இருப்பீர்கள் என்றது. ஆறு மாசம் என்றேன். நீயே சொல், ஆறு மாசம் ஒருத்தன் ஒரு காரணமும் இல்லாமல் அமெரிக்காவில் போய் உட்காருவானா. அந்தப் பெண்ணுக்கே என் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும், உள்ளே இருந்து தமிழ் பேசுகிற ஒரு தம்பியைக் கூப்பிட்டது. அவன் நேராக உன் அம்மாவிடம், அம்மா, பொண்ணுக்கு ஏதும் விசேஷமா, கொழந்த பொறக்கப்போகுதா, என்று நல்ல தமிழில் கேட்டான். உன் அம்மா ஜன்னலுக்குக் கிட்டப் போய், அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா, அவ நல்லா இருக்கா, என்று சொல்லிவிட்டாள். நீ அனுப்பிய டாக்டர் லெட்டர் அந்தப் பெண்ணின் கையிலேயே இருந்தது. அதைப் பார்த்தது, எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது, சிரிப்பு போய்விட்டது. ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் குத்தம் சொல்ல ஒன்றும் இல்லை, நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இதை எழுதலாமா என்று உன் அம்மாவிடமே கேட்டேன். எழுதுங்க, நான் சொன்னதச் சொன்னபடியே எழுதுங்க, ஒங்க தலையில போட்டுக்கிட்டது போதும், என்று சொல்லிவிட்டாள். அதனால் எழுதுகிறேன், கேள். போன தடவை உனக்கு நாலாம் மாசம் என்று தெரிந்ததும் உன் அம்மா என்ன ஆட்டம் ஆடினாள், உனக்குத் தெரியாது. தெருவில் ஒரு வீடு விடாமல் ஜிலேபி கொடுத்தாள். பால்காரர், தண்ணி லாரிக்காரர், வண்டிக்கு இன்சூரன்ஸ் கேட்டு வந்தவர் வரைக்கும், எம்மக முழுகாம இருக்கா, என்று சொன்னாள். அஞ்சாம் மாசம் நீ ஆஸ்பத்திரியில் இருந்து போன் பண்ணினாயே, அதற்கப்புறம் அவள் உன்னிடம் தைரியம் சொல்லிவிட்டு வைப்பாள், வைத்துவிட்டு என்னிடம், ஊர் கண்ணுல நான்தான் போட்டேன், என் வாய்தான் முழுங்கிருச்சு, என்பாள். டாக்டர் சொன்ன காரணத்தை நான் எத்தனை தடவை எடுத்துச் சொல்லியிருப்பேன். தலையை ஆட்டுவாள். நம்புகிறவளுக்கு டாக்டரா முக்கியம்.

இந்தத் தடவை நீ சொன்ன அன்றைக்கே உசிலம்பட்டி போய்க் குலசாமி முன்னால் நின்று, பிள்ளை கைக்கு வருகிற வரைக்கும் இதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கமாட்டோம் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து கட்டிவிட்டு வந்தாள். எனக்கும் சேர்த்துத்தான் முடிச்சு. அன்றிலிருந்து இந்த வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. உன்னிடம் சாப்பிட்டியா, தூங்கினியா, குளிருக்குப் போட்டுக்கிட்டியா என்று கேட்பாளே தவிர, பிள்ளை எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டிருக்கிறாளா, யோசித்துப் பார். உனக்கு அது உறுத்தியிருக்கும். ஏழு மாசமாச்சு, எங்கம்மா ஒரு வார்த்த கேக்கல, என்று நீ மாப்பிள்ளையிடம் அழுததாக அவர் என்னிடம் சொன்னார். அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். முடிச்சில் என் காசும் இருக்கிறதே என்று நானும் பயந்துவிட்டேன். என் சாமர்த்தியம் என்ன தெரியுமா, ஜன்னலில் இங்கிலீசில் சொன்னால் குலசாமிக்கும் விளங்காது, உன் அம்மாவுக்கும் விளங்காது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ரயிலில் போகும்போது தூக்கக் கலக்கத்தில் ஒருதரம் பேபி என்று முணுமுணுத்துவிட்டேன். பேபின்னா எனக்குத் தெரியாதா, டிவியில சோப்பு வெளம்பரம் நான் பாக்கலையா, என்று அப்போதே முறைத்தாள். சாமியை ஏமாற்றினாலும் ஏமாற்றலாம் போலிருக்கிறது.

திரும்பி வரும்போது விழுப்புரம் தாண்டுகிற வரைக்கும் அவள் ரயில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அப்புறம், தொறந்தாலும் தப்பாப்போகுது, தொறக்காட்டியும் தப்பாப்போகுது, இந்த வாய வச்சிக்கிட்டு நான் என்னதான் செய்ய, என்றாள். நான் கடலை வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் உன் போன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். வர இஷ்டமில்லன்னா நேராச் சொல்லிருங்கப்பா, என்றாய். அப்புறம் இங்கிலீசில் என்னமோ சொன்னாய். ஐ ஜஸ்ட் காண்ட் டூ திஸ் அலோன், அப்பா. ஹாஜரா டீச்சர் சொன்னது அப்போதுதான் எனக்கு ஏறியது தாயி. படிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. நீ வைத்த பிறகு உன் அம்மா, என்ன சொன்னா, என்று கேட்டாள். ஒத்தையில முடியவே முடியலங்கிறா, என்றேன். அவள் எழுந்து போய்ப் பாத்திரம் விளக்க ஆரம்பித்தாள், விளக்கின பாத்திரத்தையே திரும்ப விளக்கினாள்.

மறுநாள் என்னோடு வண்டியில் ஏறிவிட்டாள். சந்தைக்குப் போகும் முன்னே கோயிலுக்கு விடுங்க, பூ வாக்குக் கேக்கணும், என்றாள். உனக்குத் தெரியும், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் வாய் திறக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது என்று சாமியிடம் சொல்லிவிட்டுப் பூசாரி கையால் எடுக்கச் சொன்னாள். பிரித்தார். சிவப்பு. சரி, முடிந்தது, இனி இவள் வரமாட்டாள், நீ அங்கே ஒத்தையில்தான் என்று நினைத்துக்கொண்டேன். உன் அம்மா அந்தச் சிவப்புப் பூவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்த்துவிட்டு, நீ சொல்லிட்டல்ல, சரி, நான் கேட்டுக்கிட்டேன், ஆனா எம்மக அங்கன ஒத்தையில கெடக்கா, நான் சொல்லித்தான் ஆகணும், கோவம் இருந்தா எம்மேல காட்டு, எம்பிள்ள பக்கம் திரும்பிறாத, என்றாள். சொல்லிக்கொண்டே மஞ்சள் துணியைத் தேடி அவிழ்த்துக் காசை உண்டியலில் போட்டுவிட்டு விறுவிறுவென்று வண்டிக்கு வந்துவிட்டாள். பூசாரி என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். கட்டிக்கொண்டு இத்தனை வருசத்தில் அவள் சாமியை எதிர்த்து ஒரு சொல் சொல்லிப் பார்த்ததில்லை. என்னைத்தான் சொல்லுவாள்.

அன்று சாயங்காலம் வகுப்புக்கு நான் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு, நானும் வாரேன், என்றாள். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு டீச்சர் முன்னால் போய் நின்று, எம்மகளுக்குப் பிள்ள பொறக்கப்போகுது, அத இங்கிலீசுல எப்புடிம்மா சொல்லணும், என்று கேட்டாள். டீச்சர் சொல்லச் சொல்ல இவள் சொன்னாள். மை டாட்டர், என்கிற வரைக்கும் சத்தம் வந்தது, அப்புறம் வரவில்லை. ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்தக் காலேஜ் பிள்ளைகள் இருக்கிறதே, அதுகளாகவே ஒன்றாகச் சேர்ந்து அந்த வாக்கியத்தை முழுசாகச் சொன்னதுகள், அதுகளோடு சேர்ந்து இவளும் சொல்லி முடித்தாள். நாகூர் கனி எழுந்து, அல்லா நல்லபடியாக் குடுப்பான் தங்கச்சி, என்று சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். வீடு வருகிற வழியில் காய்கறிக்காரம்மாவிடம் நின்று அவளாகவே சொன்னாள். சொல்லிவிட்டு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை அடுத்த வெள்ளிக்கிழமைக்கு மறுபடி தேதி வாங்கிக் கொடுத்திருக்கிறார். கிடைக்குமா கிடைக்காதா என்று எனக்குத் தெரியாது, ஒருதரம் இல்லை என்று சொன்னவளை அடுத்த தரம் நம்புவார்களா என்றும் தெரியாது. இந்தத் தரம் தமிழிலேயே பேசுவது என்று முடிவு பண்ணியிருக்கிறோம். முன்னால் நிற்கப்போவது உன் அம்மா, நான் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அதற்கு எந்தப் பாசையும் வேண்டாம். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் நீயும் மாப்பிள்ளையும் இப்போதே பேசி வையுங்கள். அவருடைய அக்கா பக்கத்து ஊரில்தான் இருக்கிறாள் என்றாயே, கூச்சப்படாமல் கேள். இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. படி ஏறி இறங்கித் துணி துவைக்கிற வேலையை மாப்பிள்ளையிடம் விடு, அவர் சரியாகப் பிழிய மாட்டார் என்பதெல்லாம் ஒரு காரணமா.

இனி உனக்கு ஒரு வேலை சொல்கிறேன். உன் அம்மா துணிந்து சொல்லிவிட்டாளே தவிர, அதற்கப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் உன் பெயரைப் பார்த்துவிட்டு எடுக்கப் பயப்படுகிறாள், என் கையில் கொடுத்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சிவப்புப் பூ அவள் கண்ணிலேயே நிற்கிறது. நான் சொன்னால் கேட்க மாட்டாள், டாக்டர் சொன்னாலும் கேட்க மாட்டாள். இதைப் படித்ததும் அவள் நம்பருக்குப் போடு, எடுக்கிற வரைக்கும் போடு. கோபத்தைப் பற்றியோ விசாவைப் பற்றியோ ஒன்றும் பேச வேண்டாம். பிள்ளை எந்தப் பக்கம் உதைக்கிறது, எப்போது உதைக்கிறது, நீ என்ன சாப்பிட்டால் துள்ளுகிறது என்று சொல். சரி சரி, சாப்பிட்டியா, என்று பேச்சை மாற்றுவாள். நீ விட்டுவிடாதே. அவளாக வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்கிற வரைக்கும் நீ சொல்லிக்கொண்டே இரு.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் வரப்போகிற பிள்ளைக்கும் ஒரு குறையும் வராது, வரவும் விடமாட்டோம். நல்லபடியாகப் பெற்றெடுத்து நூறு வயசு நல்லா இருங்கள்.

இப்படிக்கு,
பின்னால் பை பிடிக்கிற உன் அப்பா
நல்லகாமன்